தங்கும் படி

ஜூன் 14

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மிளகு அம்மாவைத் தேடி அழாமல் தூங்குகிறாளா?

பஸ்ஸை விட்டு இறங்கி, ஆற்றைப் படகில் தாண்டி, மேட்டில் ஏறினால் பள்ளிக்கூடம். மூன்று அறைகள். ஓர் அறையில் கூரைத் தகடு காற்றுக்கு அடித்துக்கொண்டே இருப்பதால் பாடத்தைக் கத்தித்தான் சொல்லவேண்டும். மலை மறைப்பதால் போன் எடுக்காது. இனி நமக்குக் கடிதம்தான்.

ஆசிரியர்கள் இரண்டே பேர். நானும், இதே ஊரில் பிறந்து இங்கேயே நரைத்த பெரிய டீச்சரும். அவர் சிரித்து நான் இன்னும் பார்க்கவில்லை. பிள்ளைகள் என்னை "இந்த டீச்சர்" என்கிறார்கள். ஏன் அப்படி என்று விசாரித்தேன். எனக்கு முன்னால் வந்து போனவர்கள் எல்லாரும் "அந்த டீச்சர்"களாம். அவர்கள் விட்டுப்போன கைக்கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, பாதி தேய்ந்த சோப்பு எல்லாம் அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக இருக்கின்றன.

நேற்று எனக்குத் தங்கும் படி ஆணையும் வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு. படகுக்காரர் குரல் கொடுக்கிறார், விவரம் பிறகு எழுதுகிறேன்.

மிளகின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம்.

பணிவுடன்,
மருமகள்


ஜூன் 25

மருமகளுக்கு,

அத்தை எழுதறது. நானும் மிளகும் சுகம். நீ சுகமான்னு மிளகு கேட்கச் சொன்னா. முழங்கால் வழக்கம்போல என்னோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கு.

உன் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது ஆச்சு. என் மகன் இருந்திருந்தா ஒரே மூச்சுல படிச்சுச் சொல்லியிருப்பான். அவன் போனதுலேர்ந்து இந்த வீட்டுல எல்லாத்தையும் நான்தான் எழுத்துக்கூட்டணும்.

மூணு வருஷம் தங்கும்படி உனக்கு ஆணை போட அவங்க யாரு? போய் இறங்கி இன்னும் பெட்டியைப் பிரிச்சிருக்க மாட்டே, அதுக்குள்ள ஆணையா? நீ வேலைக்குப் போனியா, தண்டனைக்குப் போனியா? நம்ம தெருக்கோடிப் பள்ளிக்கூடத்துல நீ இத்தனை காலம் வேலை பார்த்தே, யாராவது ஆணை போட்டாங்களா?

நீ தலையாட்டியிருப்பே. எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு வந்த புதுசுல நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினே. உப்பு விஷயத்துல மட்டும்தான் வாயைத் திறந்தே. "அத்தைக்குக் கை தாராளம்"னு சொன்னே. நீலத்துணியில வெள்ளைப் புள்ளி போட்டது உடுத்தியிருந்தே. ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னே. நான் மறக்கலை.

உன் இடத்துக்கு ஒரு வாத்தியார் வந்திருக்கார். மிளகு வகுப்பு அவருக்குத்தான். சட்டையில ஒரு பித்தான் வேற நிறம். ஆனா பாடம் நல்லா சொல்றாராம்.

ஆணை போட்டவங்க யாருன்னு உடனே எழுது.

அத்தை


ஜூலை 6

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் நலமும் மிளகின் நலமும் அறிந்து மகிழ்ச்சி.

கோபம் வேண்டாம், தப்பு என் கையெழுத்தில்தான். என்னை யாரும் தங்கும்படி சொல்லவில்லை. "படி" என்பது இங்கே பணம். இந்த மாதிரி ஊர்களுக்கு ஆசிரியர்கள் வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. அதனால் வந்து மூன்று வருடம் இருப்பவர்களுக்குச் சம்பளத்துக்கு மேல் ஒரு தொகை தருகிறார்கள். பாதியை மாதாமாதம் தருவார்கள், மீதியை மூன்று வருடம் முடிந்ததும் மொத்தமாக. நடுவில் போனால் மொத்தமும் போய்விடும். அலுவலகத்தில் அதற்கு ஒரு முழ நீளத்துக்குப் பெயர் இருக்கிறது. நாங்கள் சுருக்கமாகத் தங்கும் படி என்கிறோம்.

இனி இப்படி வைத்துக்கொள்ளுங்கள். இடம் விட்டு எழுதினால் பணம். சேர்த்து எழுதினால் வேண்டுகோள்.

இந்த மாதப் பணத்தில் மிளகுக்குச் செருப்பு வாங்கிக்கொடுங்கள். உங்களுக்கும்.

பணிவுடன்,
மருமகள்


ஜூலை 20

மருமகளுக்கு,

இங்க சுகம். நீயும் சுகம்தான்னு உன் கையெழுத்தே சொல்லுது, இந்தத் தடவை கோடு நேரா போகுது.

அப்போ படின்னா காசு. எனக்குச் சிரிப்பு அடங்கலை. கீழ்வீட்டுத் தையல்காரர் என்ன விஷயம்னு கேட்டார். என் பித்தான் தையல் தொளதொளன்னு இருக்குன்னு சொன்னதுலேர்ந்து நான் அவர்கிட்ட பேசறதில்லை. அவர் குடுக்கற வேலையை வாங்கிக்கறேன், பேச்சு மட்டும் மிளகு வழியாத்தான். அவளைவிட்டே சொல்லவெச்சேன். அவரும் சிரிச்சார்.

இருக்கறதுக்குக் காசு! நானும்தான் கல்யாணமானதுலேர்ந்து இந்த மாடிவீட்டுல இருக்கேன். எனக்கு யாரும் படி தரலை. வீட்டுக்காரருக்கு நான்தான் தந்துக்கிட்டிருக்கேன்.

எனக்குச் சில சந்தேகம். மூணாவது வருஷம் கடைசி வாரத்துல ஒருத்தி ஓடிட்டா அதுக்கு என்ன செய்வாங்க? காய்ச்சல்ல படுத்துக்கிடந்தா தங்கினதா கணக்கா, இல்லையா? உடம்பு அங்கேயும் நினைப்பு வேற எங்கேயுமா இருந்தா ஏதாவது பிடிச்சுக்குவாங்களா? அப்புறம் முக்கியமா ஒண்ணு. வந்தவங்களுக்குப் படி சரி. எங்கேயும் போகாம இருந்த பெரிய டீச்சருக்கு எவ்வளவு?

எங்க டீச்சருக்கும் அந்தக் காலத்துல இப்படி ஒண்ணு குடுத்திருந்தா இருந்திருப்பாங்களோ என்னவோ. பச்சைக் குடை டீச்சர். நான் மூணாம் வகுப்பு. கடன் வாங்கிக் கழித்தல் நடந்துக்கிட்டிருந்துச்சு. பத்தலைன்னா பக்கத்துவீட்டுல போய்க் கடன் வாங்குன்னு சொல்லிக்குடுத்தாங்க. அந்த இடத்துல மணி அடிச்சுது. மறுநாள் அவங்க வரலை. அப்புறம் யாருமே வரலை, பள்ளிக்கூடத்துல மரக்கடைக்காரர் பலகை அடுக்கிட்டார். இன்னைக்கும் எனக்குக் கடன் வாங்கத் தெரியும். வாங்கினப்புறம் என்ன செய்யணும்னு தெரியாது. அந்தக் குடையில ஒரு கம்பியில துணி விலகியிருக்கும். இப்போ பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

செருப்பு வாங்கியாச்சு. அவளுக்கு மட்டும்.

அத்தை


செப்டம்பர் 9

அன்புள்ள அத்தைக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு ஆற்றில் வெள்ளம்தான் காரணம், படகு ஓடவில்லை. மிளகின் பல் விழுந்ததா?

உங்கள் சந்தேகங்களை அப்படியே அலுவலகத்துக்கு அனுப்பலாம் போலிருக்கிறது. காய்ச்சல் தங்கினதாகத்தான் கணக்கு. நினைப்புக்கு இன்னும் விதி வரவில்லை.

பெரிய டீச்சருக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வி அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு ஒன்றும் இல்லை, அத்தை. ஒரு தடவை மனுப் போட்டிருக்கிறார். சொந்த ஊரில் இருப்பவர் அங்கே தங்கியிருப்பதாகக் கருதமுடியாது என்று பதில் வந்ததாம். என் படி வருகிற நாளில் அவர் அலமாரியைச் சாத்துகிற சத்தம் ஏன் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று இப்போதுதான் புரிந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. போய் அவரிடமே சொன்னேன், இது சரியில்லை என்று. அவர் விடைத்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "காசை விடு. உனக்குத் தங்கும் படியாவது தர்றாங்க. என்னை இத்தனை வருஷத்துல தங்கும்படிகூட ஒருத்தரும் கேட்டதில்லை. எங்கே போயிடப்போறான்னு விட்டுட்டாங்க."

அன்றிலிருந்து நாங்கள் சேர்ந்து சாப்பிடுகிறோம்.

இன்னொரு செய்தி. பிள்ளையைக் கூட்டிவந்து இங்கேயே பள்ளியில் சேர்க்கிற ஆசிரியர்களுக்குப் படியோடு இன்னும் ஒரு பங்கு தரப்போகிறார்கள். குடும்பம் இருந்தால் ஓடமாட்டார்கள் என்று ஒரு கணக்கு. நான் முடிவு எதுவும் செய்யவில்லை. மிளகுக்கு இங்கே வர இஷ்டமா என்று சும்மா கேட்டுப்பாருங்கள்.

பணிவுடன்,
மருமகள்


அக்டோபர் 2

மருமகளுக்கு,

இங்க எல்லாரும் சுகம். மிளகுக்குப் பல் விழுந்து புதுசு எட்டிப் பார்க்குது.

பெரிய டீச்சர் விஷயம் எனக்குப் பொறுக்கலை. பதில் எழுதின அந்த ஆபீஸ்காரரை ஒரு தடவை பார்க்கணும். அவர் அவங்க அம்மா வீட்டுல இருந்தா அதுக்கு என்ன பேர்னு கேட்கணும்.

இங்க ஒரு சேதி. மிளகு வகுப்பு வாத்தியார் போயிட்டார், வேற நிறப் பித்தான் போட்டவர். எங்கேன்னு விசாரிச்சேன். உன்னை மாதிரியே வேற ஏதோ ஆத்துக்கு அந்தப் பக்கமாம். படிக்குத்தான். நீ போன ஓட்டையை அடைக்க வந்தவர் அதே ஓட்டை வழியா போயிட்டார். தலைமையாசிரியர் மூணையும் நாலையும் ஒண்ணா உட்காரவெச்சிருக்கார். நாலாம் வகுப்பு டீச்சர் இந்தப் பக்கம் திரும்பறப்போ மூணாம் வகுப்புக்குப் பாடம், அந்தப் பக்கம் திரும்பினா வேடிக்கை.

மிளகு எதுல நிக்கறா தெரியுமா? கடன் வாங்கிக் கழித்தல்ல. கடன் வாங்கின வரைக்கும் ஆயிருக்கு. நான் அவ நோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

மழையில மொட்டைமாடி ஒழுகுது. வீட்டுக்காரர் வந்து பார்த்தார், அவர் தலையிலயும் ஒரு சொட்டு விழுந்துச்சு, சந்தோஷம். பித்தான் வேலை நிறைய வருது.

அத்தை


நவம்பர் 5

அன்புள்ள அத்தைக்கு,

நலம். ஒழுகுகிற இடத்தில் உங்கள் கட்டிலைப் போடாதீர்கள்.

வாத்தியார் போனதைப் படித்துவிட்டு அன்று எனக்குப் பாடம் ஓடவில்லை. எங்கள் வகுப்பிலும் அதே கணக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. பலகையில் எழுதும்போது கை நின்றுவிட்டது. "இந்த டீச்சர் மறந்துட்டாங்க" என்று பின்வரிசையில் ஒருத்தி சொன்னாள்.

மிளகிடம் கேட்டீர்களா?

பணிவுடன்,
மருமகள்


டிசம்பர் 11

மருமகளுக்கு,

சுகம். குளிர் ஆரம்பிச்சாச்சு. உனக்குப் போர்வை போதுமா?

வீட்டுக்காரர் மொட்டைமாடியில தார் பூசினார். இப்போ பக்கத்து அறையில ஒழுகுது. தையல்காரர் புதுசா ஒரு மிஷின் வாங்கினார், பித்தான் தைக்கிற மிஷின். நான் ஒண்ணும் சொல்லலை. ரெண்டாம் நாளே நூல் சிக்கி நின்னுடுச்சு. அப்பவும் ஒண்ணும் சொல்லலை. மிளகை விட்டுக்கூடச் சொல்லலை. அவரே மேல வந்து பித்தான் டப்பாவை வெச்சுட்டுப் போனார்.

மிளகு நல்லா சாப்பிடறா. உயரமாயிட்டா. வேற விசேஷம் இல்லை.

அத்தை

(தாளின் ஓரத்தில், பென்சிலில்)
அம்மா, பாட்டி உன் கடிதத்தை எனக்குப் படிச்சுக் காட்டறப்போ ஒரு இடம் வந்தா மட்டும் இருமறாங்க. ரெண்டு கடிதத்துலயும் இருமினாங்க. அந்த இடத்துல என்ன எழுதியிருக்கே? பாட்டி கவர் ஒட்டப் போறாங்க. மிளகு.


ஜனவரி 4

அன்புள்ள அத்தைக்கு,

நலம். போர்வை போதும். உங்கள் இருமலுக்கு மருந்து தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

கோபமாக எழுதவில்லை, அத்தை. உங்களிடமிருந்து மிளகைப் பிரித்தால் அந்த மாடிவீட்டில் என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நான் திரும்பி வந்துவிடலாமா என்றும் யோசித்தேன். வந்தால் மிளகுக்கு டீச்சர் கிடைப்பாள். இங்கே இருக்கிற பிள்ளைகளுக்குப் பச்சைக் குடை கிடைக்கும். அதை நான் செய்யமாட்டேன்.

எழுதவேண்டாம் என்று நினைத்த ஒன்றை எழுதிவிடுகிறேன். பெரிய டீச்சர் அன்று சொன்னது மனத்தை விட்டுப் போகவில்லை. உங்கள் மகன் போன பிறகு நம் வீட்டில் நீங்கள் ஒரு மூலையில் பித்தான் தைத்தீர்கள், நான் ஒரு மூலையில் நோட்டுத் திருத்தினேன். இந்த வேலைக்கு எழுதிப்போட்டேன் என்று சொன்னபோது, போகாதே என்று ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில்கூடப் பார்த்தேன். நீங்கள் கேட்டது ஒரே வார்த்தை: "எவ்வளவு?" மாதம் பிறந்தால் அனுப்புகிறேன் என்றேன். வழி முழுக்க அதுவே காதில் இருந்தது.

போகட்டும். பெரிய டீச்சர் வீட்டின் பின்பக்க அறை காலியாக இருக்கிறது. வெயில் நேராக விழும், முழங்காலுக்கு நல்லது. மிளகு மட்டும் வேண்டாம். நீங்களும் வாருங்கள். இரண்டு பேரையும் இங்கே வந்து தங்கும் படி கேட்கிறேன்.

பணிவுடன்,
மருமகள்


ஜனவரி 19

மருமகளுக்கு,

மிளகு சுகம். நான் சுகமா இல்லையான்னு இதைப் படிச்சுட்டு நீயே சொல்லு.

முதல்ல பஸ் நிறுத்தம். நான் கேட்டது "எவ்வளவு நாள்". நாள்னு சொல்றப்போ பஸ்காரன் ஹாரன் அடிச்சான். சிவப்புத் துண்டு கட்டின டிரைவர், மறக்கலை. நீ ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு "மாசம் பிறந்தா அனுப்பறேன்"னு சொன்னே. எத்தனை நாள்ல வருவேன்னு கேட்டா காசைப் பத்திச் சொல்றாளேன்னு நான் வீடு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் பேசலை. அதை உப்புக்குப் பக்கத்துல வெச்சிருந்தேன். இப்போ அதை எடுத்து எங்க வைக்கிறதுன்னு தெரியலை.

மிளகுகிட்ட கேட்காம விட்டது மறதியால இல்லை. எனக்கு மறதி கிடையாது.

இப்போ உன் கடைசி வரிக்கு வர்றேன். தங்கும்னு எழுதிட்டு, ஒரு விரல் இடம் விட்டுப் படின்னு எழுதியிருக்கே. இடம் விட்டா பணம், சேர்த்து எழுதினா வேண்டுகோள்னு நீதான் சொல்லிக்குடுத்தே. பிள்ளையைக் கூட்டிவந்தா இன்னொரு பங்குன்னு செப்டம்பர்ல எழுதினதும் நீதான். இப்போ ரெண்டு பேரையும் கூப்பிடறே. கிழவிக்கு எத்தனை பங்கு? தெரிஞ்சுக்கத்தான் கேட்கிறேன்.

அத்தை


பிப்ரவரி 3

அன்புள்ள அத்தைக்கு,

இப்போதுதான் உண்மையிலேயே நலம். ஹாரன் அடித்த அந்த டிரைவரை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கேள்வியை அலுவலகத்தில் கேட்டுவிட்டே எழுதுகிறேன். விதிப்படி குடும்பம் என்றால் கணவர், பிள்ளைகள் மட்டும்தான். கணவரைப் பெற்ற தாய் அதில் இல்லை. மிளகு வந்தால் ஒரு பங்கு வரும், அதை மறைக்கவில்லை. நீங்கள் வந்தால் ஒரு காசு வராது. உப்புச் செலவு வேறு கூடும்.

அதனால் இந்தத் தடவை பேனாவைத் தூக்காமல் எழுதுகிறேன், நன்றாகப் பாருங்கள். அத்தை, இங்கே வந்து என்னோடு தங்கும்படி கேட்கிறேன்.

மருமகள்


பிப்ரவரி 16

மருமகளுக்கு,

நீ சுகமா? இதை மிளகு கேட்கச் சொல்லலை, நானே கேட்கிறேன்.

உன் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். அந்த வார்த்தைக்கு நடுவுல நகம் போகக்கூட இடம் இல்லை. மிளகுக்கு இருமாம படிச்சுக் காட்டினேன். பாதியிலயே எழுந்து போய்ப் பெட்டியை இழுத்துக்கிட்டு வந்துட்டா. வருஷப் பரீட்சை முடியட்டும்னு உட்காரவெச்சிருக்கேன். பாடமே நடக்காத வகுப்புக்குப் பரீட்சை மட்டும் தவறாம நடக்குது.

தையல்காரர்கிட்ட நானே போய்ப் பேசினேன். அவருக்கு முதல்ல என் குரல் அடையாளம் தெரியலை. விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் துணியை மடிச்சுக்கிட்டே இருந்தார். "இனிமே யார் தைச்சாலும் இவ்வளவு தொளதொளன்னு வராது"ன்னு சொன்னார். அதை எந்தக் கணக்குல வைக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

வீட்டுச் சாவியை வீட்டுக்காரர் கையில குடுத்துடுவேன். ஒழுகற இடத்தையும் காட்டிட்டு வருவேன்.

பெரிய டீச்சர்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லிவை. ஒண்ணு, அவங்களை எங்கேயும் போகாம அங்கேயே தங்கும்படி நான் கேட்டதா சொல்லு. சேர்த்து எழுதியிருக்கேன், காட்டு. ரெண்டாவது, கடைசி பெஞ்சுல எனக்கு ஒரு இடம் வேணும். மிளகும் நானும் ஒரே கணக்குல நிக்கறோம். கடன் வாங்கினப்புறம் என்ன ஆகுதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியணும்.

படகுத்துறைக்கு நீ வா. வெயிலா இருந்தா குடை கொண்டுவா, பச்சை வேண்டாம். உப்பு விஷயத்தை நேர்ல பேசிக்கலாம்.

எவ்வளவு நாளுக்குன்னு நீ எழுதலை. நானும் கேட்கலை.

அத்தை